எட்டு சென்டிமீட்டர்

நான் வெட்டியது எட்டு சென்டிமீட்டர். எடையில் நாற்பத்தெட்டு கிராம்.

அதற்கு முன்பு சைக்கிள் ஏழு கிலோ முப்பத்தொரு கிராம் இருந்தது. வெட்டிய பின் ஆறு கிலோ தொள்ளாயிரத்து எண்பத்து மூன்று. அன்று சனிக்கிழமை. மனைவி வேலைக்குப் போயிருந்தாள். ரம்பத்தைத் துடைத்து மாட்டினேன். தரையில் விழுந்த அலுமினியத் தூளை ஈரத் துணியால் ஒற்றி எடுத்தேன். திருட வந்தவன்கூட அவ்வளவு சுத்தமாகத் துடைத்துவிட்டுப் போகமாட்டான்.

பந்தய சைக்கிள். கைமாறி வந்தது. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் அதைப் படுக்கையறைச் சுவரில் மாட்டி, ஹேண்டில்பாரில் சட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தார். வாங்கும்போது ஒன்பது கிலோ எழுநூற்று நாற்பது. ஃபிரேம் நல்ல ஃபிரேம். எனக்குக் கொஞ்சம் பெரிது. எனக்கு எல்லாமே கொஞ்சம் பெரிதுதான். கல்யாணப் போட்டோவில் மனைவி தரையிலும் நான் ஒரு படி மேலேயும் நிற்கிறோம்.

எனக்குச் செயற்கைக் கால் செய்யும் பட்டறையில் வேலை. பதினெட்டு வருடமாகக் கார்பன் துணியும் ரெசினும் அலுமினியக் குழாயும்தான். காலில் ஐம்பது கிராம் கூடினால் சாயங்காலம் இடுப்பு சொல்லும் என்பார்கள் எங்களிடம் வருகிறவர்கள். எடையைக் குறைப்பது எனக்குப் பழகிய வேலை. அதைச் சைக்கிளில் செய்து பார்க்கலாம் என்று தோன்றியது. எட்டு மாதம் ஓடிவிட்டது.

சக்கரங்களை மாற்றினேன். அதிலேயே எழுநூறு கிராம் போனது. டயர், ட்யூப், செயின். பிறகு வெளியே வாங்குவது நின்று, நானே செய்ய ஆரம்பித்தேன். பட்டறையில் மிஞ்சிய கார்பன் துணித் துண்டுகளை அடுக்கி ஒரு சீட். நூற்றுப் பதினெட்டு கிராம். உட்கார்ந்தால் கவிழ்த்த பாத்திரத்தின்மேல் உட்கார்ந்த மாதிரி இருக்கும். தண்ணீர் பாட்டில் வைக்கும் கூடு, இருபத்தொரு கிராம். லேத்தில் கடைந்த அலுமினிய போல்ட்டுகள். சாப்பாட்டு மேசையின் பாதியைச் சைக்கிள் எடுத்துக்கொண்டது. சமையலறைத் தராசு முழுவதுமாகவே என் பக்கம் வந்துவிட்டது. மனைவி மாவைக் குத்துமதிப்பாக அளக்கப் பழகிக்கொண்டாள்.

அவள் குத்துமதிப்பாகச் செய்கிற காரியம் அது ஒன்றுதான். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் மருந்தாளர். புதிதாகச் சலவை இயந்திரம் வந்தபோது இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து அதோடு வந்த கையேட்டைப் படித்தாள். படித்து முடிக்கும்வரை நாங்கள் கையால் துவைத்தோம்.

நான் செய்துகொண்டு வரும் எதையும் அவள் அப்படியே விடமாட்டாள். ஏறி நிற்பாள். சீட்டைக் கொண்டுவந்தபோது இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே ஒரு கட்டையைப் போட்டு, அதில் சீட்டைப் பொருத்தச் சொன்னாள். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றாள். ஒரு முறை குதித்தாள்.

"ம். பாஸ்."

"குதிக்கறதெல்லாம் கொஞ்சம் ஓவர்."

"நீங்க உக்காரப் போற சீட்டு. உங்களைவிட நான் பத்து கிலோ கூட. எனக்குத் தாங்கினா உங்களுக்குத் தாங்கும்."

முதல் மாதமே ஒன்று சொல்லியிருந்தாள்.

"எதை வேணா குறைங்க. தாங்கறதைக் குறைக்காதீங்க. எனக்குத் தெரியாம எதுவும் பண்ணக் கூடாது."

"சரி."

"சரின்னா?"

"சரிம்மா. பண்ணல."

அவளுடைய தம்பி டிரைவிங் ஸ்கூலில் ஓட்டக் கற்றுத்தருகிறவன். பக்கத்தில் இன்னொரு பிரேக்கை வைத்துக்கொண்டு வாழ்க்கை நடத்துகிறவன் என்று மனைவி சொல்வாள். அவனிடமும் ஒரு பந்தய சைக்கிள் இருந்தது. பெட்டி பிரித்துப் புதிதாக எடுத்தது. ஏழு கிலோ நூறு. ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான். சாப்பாட்டு மேசையைப் பார்ப்பான்.

"மாமா, இது சைக்கிளா, பிரேதப் பரிசோதனையா?"

"ஏழுக்குக் கீழ கொண்டு வரேன் பாரு."

"வந்துச்சுன்னா என் மீசையை எடுத்துடறேன்."

பதினேழு வயதிலிருந்து வைத்திருக்கும் மீசை. இரண்டு முனையும் மேலே பார்க்கும். அதைப் பார்த்துத்தான் பெண் கொடுத்தார்கள் என்று அவனே சொல்லிக்கொள்வான்.

ஏழு கிலோ முப்பத்தொன்றில் நின்றுவிட்டேன். மூன்று வாரம் எதுவும் குறையவில்லை. ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றித் தராசில் வைத்துப் பார்த்தேன். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் கை கழுவாமல் சைக்கிளிடம் போய் நின்றேன். அப்படி நின்றபோதுதான் சீட் பைப் கண்ணில் பட்டது.

சீட்டைத் தாங்கும் குழாய் அது. ஃபிரேமுக்குள் இறங்கி நிற்கும். அதன் உடம்பில் ஒரு கோடு பொறித்திருப்பார்கள். சீட்டை எவ்வளவு உயர்த்தினாலும் அந்தக் கோடு வெளியே வரக் கூடாது. கோடு மறைந்திருக்கும்வரை குழாய் குறைந்தது பத்து சென்டிமீட்டராவது உள்ளே பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நான் குள்ளம். என் சீட் தாழ்ந்திருக்கும். குழாய் பதினெட்டு சென்டிமீட்டர் உள்ளே போய்ச் சும்மா கிடந்தது. எட்டை வெட்டினாலும் பத்து மிஞ்சும். எனக்கு அது போதும். கணக்கில் ஒரு தப்பும் இல்லை.

கோடு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. இப்போது அதற்குக் கீழே இரண்டு சென்டிமீட்டர்தான்.

உப்புத்தாள் போட்டுக் கோட்டை அழித்திருக்கலாம். தாளைக் கையில்கூட எடுத்தேன். குழாய் கறுப்புப் பூச்சு. தேய்த்தால் வெள்ளையாகத் தெரியும். அசிங்கமாக இருக்கும் என்று வைத்துவிட்டேன். ஃபிரேமுக்குள் இருப்பதை யார் பார்க்கப்போகிறார்கள்.

ஞாயிறு காலை மச்சினன் அவனுடைய தராசையே கொண்டுவந்தான். சைக்கிளைத் தூக்கி மாட்டினோம். எண் ஓடி நின்றது. அவன் தராசைத் தட்டிப் பார்த்தான். ஒரு கிலோ சர்க்கரைப் பாக்கெட்டைத் தொங்கவிட்டுப் பார்த்தான். பிறகு எங்கள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். வெளியே வந்தபோது அவன் முகத்தில் வேறு யாரோ இருந்தார்கள். மனைவி கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"டேய், உனக்கு உதடு இருக்குடா."

நானும் சிரித்தேன்.

வெட்டிய துண்டு சட்டைப் பையில் இருந்தது. தூக்கிப் போட மனம் வரவில்லை. வீட்டிலும் வைக்க முடியாது. திங்கட்கிழமை பட்டறையில் அதைப் பளபளவென்று தீட்டினேன். அடியில் ரெசின் ஊற்றி அடைத்தேன். சாயங்காலம் மனைவியிடம் கொடுத்தேன்.

"என்னது?"

"பேனா ஸ்டாண்டு. உன் கவுண்டருக்கு."

"எதுல செஞ்சது?"

"பட்டறையில ஒரு துண்டு கிடந்துச்சு."

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எட்டு மாதத்தில் நான் அவளுக்கென்று செய்த ஒரே சாமான். மறுநாள் மருந்தகத்திலிருந்து படம் எடுத்து அனுப்பினாள். மூன்று பேனா, ஒரு கத்தரிக்கோல்.

அதற்கு ஏறி நிற்கவில்லை.

வியாழக்கிழமை. பட்டறையில் ஒரு பெரியவருக்குக் கால் பொருத்திப் பார்க்கும் நாள். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். சர்க்கரையில் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. எல்லோரும் டிரைவர் என்றே கூப்பிடுவோம். நடைபழகும் இரண்டு கம்பிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். புதுக் காலின் குழாயை இன்னும் வெட்டவில்லை. நாங்கள் எப்போதும் நீளமாகவே விடுவோம். நிற்கவைத்து, நடக்கவைத்து, மூன்று முறை அளந்த பிறகுதான் ரம்பம். வெட்டியதை ஒட்டவைக்க முடியாது என்று புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் சொல்வேன்.

"தம்பி, இது தாங்குமா?"

"தாங்கும்."

"உனக்கென்ன, சொல்லிடுவ. விழப்போறது நான்தானே."

"நம்பி ஊனுங்க."

"முப்பது வருஷம் நூறு பேர் என்னை நம்பி முதுகுக்குப் பின்னால உக்காந்திருந்தாங்க. எனக்கு நம்பத் தெரியாது. நம்பவைக்கத்தான் தெரியும்."

ஊன்றினார். தாங்கியது.

என் கை இரண்டிலும் அச்செடுக்கும் பிளாஸ்டர் மாவு. கழுவிக்கொண்டு வெளி அறைக்கு அளவு நோட்டை எடுக்கப் போனேன். போன் மேசை இழுப்பறையில் கிடக்கும். பிளாஸ்டர் அறைக்குள் கொண்டுபோவதில்லை. எடுத்துப் பார்த்தேன். மனைவியிடமிருந்து ஒரு செய்தி. பத்து இருபத்திரண்டுக்கு வந்தது.

'என் சைக்கிள் பஞ்சர். பஸ்ஸும் வரல. உங்களோடதை எடுத்துட்டுப் போறேன். சீட்டைக் கோடு வரைக்கும்தான் ஏத்தியிருக்கேன். பயப்படாதீங்க.'

மணி பத்து ஐம்பத்தொன்று.

எங்கள் வீடு மேட்டில் இருக்கிறது. ஆஸ்பத்திரி கீழே. நடுவில் நாலு கிலோமீட்டர் இறக்கம், ஆறு வளைவு, பதினொரு வேகத்தடை. ஒவ்வொன்றையும் நான் ஏறி இறங்கியிருக்கிறேன். சாதாரண சைக்கிளில் அவளுக்குப் பதினைந்து நிமிடம்.

போன் போட்டேன். அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். ஓட்டும்போது எடுக்கமாட்டாள். ஆனால் இந்நேரம் ஓட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

மருந்தகத்துக்குப் போட்டேன். அவளுக்கு உதவியாக இருக்கும் பெண் எடுத்தாள். எப்போதும் ஜலதோஷம் பிடித்த குரல்.

"அக்கா இன்னும் வரலண்ணே."

"எத்தனை மணிக்கு வரணும்?"

"பதினொண்ணுக்கு. ஆனா பத்தே முக்காலுக்கெல்லாம் வந்துடுவாங்களே. நான்தான் லேட்டா வருவேன். அக்கா லேட்டாவே வந்ததில்லையேண்ணே."

"தெரியும்."

"நீங்க வேணா வீட்டுல..."

வைத்துவிட்டேன்.

மச்சினன் வீடு அந்த இறக்கத்தின் முதல் வளைவில் இருக்கிறது. அவனுக்குப் போட்டேன்.

"சொல்லுங்க மாமா. ஆறு கிலோ ஆயிடுச்சா? இனிமே எடுக்கறதுக்கு என்கிட்ட புருவம்தான் இருக்கு."

"வீட்டுலயா இருக்க?"

"வண்டியில. ஒரு அம்மா ரிவர்ஸ் எடுத்துட்டிருக்காங்க. ஏன்?"

"உங்க அக்கா அந்தப் பக்கம் போனாளான்னு கேட்டேன்."

"பாக்கலையே. ஏன், என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல."

"குரல் ஒரு மாதிரி இருக்கே."

"ஒண்ணுமில்ல மாப்ள."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவன் ஐந்து நிமிடத்தில் சாலைக்கு வந்திருப்பான். சொல்வதென்றால் சீட் பைப்பிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அந்த நிமிடத்தில்கூட எனக்கு அது வாயில் வரவில்லை.

உள்ளே போனேன். டிரைவர் கம்பியைப் பிடித்தபடி ஒற்றைக் காலும் ஒரு குழாயுமாக நின்றுகொண்டிருந்தார். அவரை நாற்காலியில் உட்காரவைத்தேன். அளவு நோட்டை எடுக்காமலே நான் வந்திருந்ததை அவர் பார்த்தார்.

"என்ன தம்பி?"

"வீட்டுல... ஒரு அவசரம். போயிட்டு வந்துடறேன்."

"போ. கால் எங்கயும் ஓடிடாது."

ஸ்கூட்டரை எடுத்தேன். பட்டறையும் கீழேதான். ஆஸ்பத்திரிக்குப் போவதா, மேட்டுச் சாலையில் ஏறுவதா என்று சந்திப்பில் ஒரு கணம் நின்றேன். பின்னால் ஹாரன் அடித்தார்கள். ஏறினேன்.

இரண்டு சென்டிமீட்டர். கட்டைவிரல் நகத்தின் நீளம் அவ்வளவுதான். சமதளத்தில் தாங்கும். மெதுவாகப் போனால் தாங்கும். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது முழு எடையும் சீட்டின் பின்பக்கம் விழும். குழாய் நெம்பும். பிடித்திருக்கும் வளையம் வாய் பிளக்கும். சீட் குழாயோடு பின்னால் பறக்கும். உட்கார்ந்திருப்பவர் கீழே வருவார். கீழே சீட் இருக்காது. வாய் திறந்த ஃபிரேம் குழாய் இருக்கும்.

அதற்கு மேல் யோசிக்காமல் இருக்கப் பார்த்தேன். என் தொழிலில் உடைந்தவற்றைப் பார்த்துப் பார்த்து, எது எப்படி உடையும் என்று கண்முன்னால் தெரியும். பாழாய்ப்போன பழக்கம்.

வேறு யாராவது என்றால் சீட்டைக் கண்டபடி உயர்த்தியிருப்பார்கள். கோடு வெளியே தெரிய, குழாய் ஆட, ஏறும்போதே கையோடு வந்திருக்கும். வீட்டு வாசலிலேயே தெரிந்திருக்கும். இவள் கோட்டைப் பார்த்தாள். கோடு வரை ஏற்றினாள். கோடு மறையும்படி ஒரு மில்லிமீட்டர் இறக்கியும் இருப்பாள்.

கீழிருந்து முதல் வேகத்தடை. சாலை காலியாக இருந்தது. இரண்டாவது. மூன்றாவது வளைவுக்கு முன்னால் சாலையோரம் ஐந்தாறு பேர் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஸ்கூட்டரை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். தண்ணீர்க் குழாய் வெடித்துத் தார் உப்பியிருந்தது. ஒருவர் என்னைப் பார்த்து, "நகராட்சியா?" என்றார்.

"இல்ல."

"பின்ன எதுக்கு இப்படி ஓடி வரீங்க?"

ஸ்கூட்டரைத் திரும்ப எடுக்கும்போது மேலிருந்து ஒரு ஆம்புலன்ஸ் இறங்கி வந்தது. சைரன் போடவில்லை. என்னைத் தாண்டிப் போயிற்று. பின் கண்ணாடி வெள்ளை பூசியது, உள்ளே ஒன்றும் தெரியவில்லை.

சைரன் போடவில்லை என்றால் அவசரம் இல்லை. அவசரம் இல்லாததற்கு இரண்டு காரணம் இருக்கலாம்.

மேலே போவதா, திரும்பி அதன் பின்னால் போவதா. கால் தரையில் ஊன்றியபடி இருந்தது. அப்போதுதான் முன் பிரேக் போல்ட் நினைவுக்கு வந்தது. இரும்புக்குப் பதில் நான் கடைந்துபோட்ட அலுமினியம். ஒன்பது கிராம் மிச்சம். அதுவும் அவளிடம் சொன்னதில்லை. ஒன்று நினைவுக்கு வந்ததும் மற்றவை வரிசையாக வந்தன.

மனைவிக்குப் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. மருந்தகத்துக்குப் போட்டேன்.

"இன்னும் வரலண்ணே. இங்க கூட்டம் வேற..."

"இப்ப ஒரு ஆம்புலன்ஸ் வரும். யாருன்னு பாத்துச் சொல்லும்மா."

"எதுக்குண்ணே?"

"பாத்துச் சொல்லு. நான் வைக்கல."

ரிசீவரை மேசையில் வைக்கும் சத்தம். மருந்தகத்தின் இரைச்சல் காதில் விழுந்தது. யாரோ இருமினார்கள். யாரோ, சாப்பாட்டுக்கு முன்னாலயா பின்னாலயா என்று கேட்டார்கள். பதில் சொல்ல ஆளில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. செருப்புச் சத்தம் வந்தது.

"ஒரு பெரியவர்ண்ணே. மூச்சுத் திணறலாம். பாவம், ரொம்ப மோசமா இருக்காரு."

"அப்பாடா," என்றேன்.

வைத்துவிட்டேன்.

நான்காவது வளைவு. திரும்பியதும் பார்த்தேன்.

அவள் நடந்து வந்துகொண்டிருந்தாள். சாலையின் இடது ஓரமாக. ஒரு கையால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. சைக்கிளில் சீட் இல்லை. இன்னொரு கையில் சீட்டைக் குழாயோடு, கைத்தடி மாதிரி பிடித்திருந்தாள். தலைக்கவசத்தைக் கழற்றவில்லை. சுடிதாரில் ஒரு கறைகூட இல்லை. கால், கை, முகம். எல்லாம் இருந்தது. இரண்டு முறை எண்ணினேன்.

ஸ்கூட்டரை நிறுத்தினேன். இறங்கினேன்.

அவளும் நின்றாள். உயரத்திலிருந்து என்னைப் பார்த்தாள்.

"அடி எதுவும்..."

"இல்ல."

"எப்படி..."

"மூணாவது வேகத்தடையில கிறீச்னு ஒரு சத்தம். நாலாவதுல சீட்டு பின்னால சாஞ்சுது. நிறுத்திட்டேன். போல்ட் லூஸ் போலன்னு நினைச்சேன். டைட் பண்ணலாம்னு கொஞ்சம் இளக்கினேன். கையோட வந்துடுச்சு."

குழாயை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். கோட்டின் மேல் அவள் கட்டைவிரல். கோட்டுக்குக் கீழே இருந்ததை விரலே மறைத்துவிட்டது.

"மீதி எங்க?"

"போன் எடுக்கவே இல்லையே. எத்தனை தடவை போட்டேன்."

"பாத்தேன். ரெண்டு கையிலயும் சாமான் இருந்துச்சு." குழாயைத் தாழ்த்தினாள். "அதோட, எடுத்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

ஒரு லாரி எங்களைத் தாண்டி இறங்கிப் போனது.

"கேட்டேனே. மீதி எங்க?"

"உன் கவுண்டர்ல."

அவளுக்கு உடனே புரியவில்லை. அவள் முகத்தில் அது மெல்ல ஏறுவதை நின்று பார்க்க வேண்டியிருந்தது. குழாயின் வெட்டுமுனையைத் தன் பக்கம் திருப்பினாள். அதன் வட்டத்தைப் பார்த்தாள்.

"எல்லார்கிட்டயும் காட்டினேன்," என்றாள். "டாக்டர்கிட்டகூட."

நான் எதையோ சொல்ல ஆரம்பித்தேன். அவள் கையை நீட்டினாள்.

"சாவி. எனக்கு நேரமாச்சு."

கொடுத்தேன். சீட்டைக் குழாயோடு கைப்பைக்குள் செருகினாள். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஸ்கூட்டரைத் திருப்பி, இண்டிகேட்டர் போட்டு, பின்னால் பார்த்து, சாலைக்குள் இறங்கினாள். வேகத்தடையில் மிக மெதுவாக ஏறி இறங்கினாள்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். ஃபிரேமில் சீட் பைப் நுழையும் வாயின் பின்பக்கத்தில் முடி போல ஒரு வெடிப்பு. இன்னும் ஒரு வேகத்தடை போதும். அடுத்ததைத் தாண்டும்போது அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. சைக்கிள் கையில் ஒன்றுமே இல்லாதது போல வந்தது. அவ்வளவு லேசு.

ஆஸ்பத்திரி வாசலில் அதைச் சாத்தியபோது பதினொன்றே முக்கால். மருந்தகத்தில் வரிசை. நேரே கவுண்டருக்குப் போகப் பார்த்தேன். கட்டுப்போட்ட விரலைத் தூக்கிப் பிடித்திருந்த ஒருவர், "லைன்ல வாங்க சார்," என்றார். பின்னால் போய் நின்றேன். எனக்கு முன்னால் ஏழு பேர்.

அங்கிருந்து கவுண்டர் தெரிந்தது. பேனாக்கள் காகித டம்ளரில் இருந்தன. அவள் ஒவ்வொருவரிடமும் எப்போதும் போலத்தான் பேசினாள். காலையில் ஒன்று, இரவில் ஒன்று, நடுவில் நிறுத்தக் கூடாது. உதவிப் பெண் என்னைப் பார்த்து மூக்கை உறிஞ்சிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

என் முறை வந்தது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், அவள் முன்னால், பேனா ஸ்டாண்டு நின்றது. அதன் மேல் சீட் பைப்பின் வெட்டுமுனையை வைத்திருந்தாள். சீட் மேலே, ஸ்டாண்டு கீழே. தீட்டியதில் ஒரு மயிரிழை போயிருந்தது. மற்றபடி பொருந்தியது. கோடு இருக்க வேண்டிய உயரத்தில் இருந்தது.

"சொல்லுங்க," என்றாள். மற்றவர்களிடம் சொன்ன அதே குரல்.

சொன்னேன். சனிக்கிழமை. ரம்பம். நாற்பத்தெட்டு கிராம். உப்புத்தாளை எடுத்ததையும், வைத்ததையும், எதற்காக வைத்தேன் என்பதையும் சொன்னேன். இடையில் சாப்பிடாமல் விட்ட மாத்திரைகளைப் பற்றி ஒரு நோயாளி சொல்வதைக் கேட்பது போலக் கேட்டாள். கண் என்மேலேயே இருந்தது.

"அசிங்கமா இருக்கும்னு."

"ஆமா."

"தம்பி மீசை?"

"சொல்லிடறேன் அவன்கிட்ட."

"நீங்கதான் சொல்லணும். நான் சொல்லமாட்டேன்."

"சரி."

"நான் கோட்டைப் பாத்துத்தான் ஏத்தினேன்," என்றாள். இதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது. "டார்ச் அடிச்சுப் பாத்தேன்."

எனக்குப் பின்னால் இருந்தவர் தொண்டையைச் செருமினார். நான் நகரப் பார்த்தேன்.

"இருங்க."

காகித டம்ளரிலிருந்து ஒரு பேனாவை எடுத்தாள். மருந்துச் சீட்டுக் கட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள். ஒன்று என்று எழுதி வட்டம் போட்டாள். அதன் பக்கத்தில் 'சீட் பைப்' என்று எழுதினாள்.

"வேற?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முன் பிரேக் போல்ட்," என்றேன். "அலுமினியம்."

எழுதினாள். அந்தப் பிரேக்கைப் பிடித்துத்தான் நான்கு வேகத்தடை இறங்கியிருந்தாள்.

"வேற?"

"ஹேண்டில்பாரைப் பிடிக்கற போல்ட் நாலு. அதுல ரெண்டு."

"எந்த ரெண்டு?"

"கீழ ரெண்டு."

"சார், இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார் பின்னால் இருந்தவர்.

"ஆகும்," என்றாள் அவள், தலையைத் தூக்காமல். "அவர் சொல்லி முடிக்கட்டும். அந்தக் கவுண்டருக்குப் போங்க."

வரிசை முணுமுணுத்துக்கொண்டே பக்கத்துக்கு நகர்ந்தது. அவள் மூன்று என்று எழுதி முடித்து, நான்கு போட்டு, அதற்கும் வட்டம் போட்டாள்.

"எல்லாத்தையும் மாத்துங்க. மாத்தினதும் சொல்லுங்க, ஏறி நிக்கணும்," என்றாள். "வேற?"